கயிற்றின் மறுமுனை

விசைப்படகின் பின்னால் கட்டிய கயிற்றைப் பற்றிக்கொண்டு, கால்களில் பூட்டிய இரண்டு பலகைகளின்மேல் நின்றபடி நீர்ப்பரப்பில் வழுக்கிச் செல்லும் விளையாட்டுக்கு நீர்ச்சறுக்கு என்று பெயர். கரையில் நின்று பார்ப்பவருக்கு அது தோள்வலிவும் துணிச்சலும் மிக்கவர்களுக்கே உரியதாகத் தோன்றும். ஆனால் அது புதியவர்களுக்குக் கற்பிக்கப்படும் முறையை நெருங்கிப் பார்த்தால், உடல் தன்னைக் காத்துக்கொள்ளத் தானாகவே செய்யும் ஒரு செயலை நிறுத்தக் கற்பதே அதன் முதல் பாடமாகவும் பெரும்பாடமாகவும் இருப்பது புலப்படும். புதிதாக ஒன்றைச் செய்யச் சொல்லித் தருவதைவிட, செய்துகொண்டிருப்பதை நிறுத்தச் சொல்லித் தருவது கடினம். வேலை கற்பிப்பதையே அன்றாடத் தொழிலாகக் கொண்ட ஸ்ரீபெரும்புதூர்–ஒரகடம் வட்டாரத்திலிருந்து, ஏரிகளுக்கு நடுவே தொழிற்சாலைகள் எழுந்துள்ள அந்த நிலத்திலிருந்து, இந்தக் கடினத்தைப் பற்றிச் சிந்திப்பதற்குத் தக்க காரணம் உண்டு.

விளையாட்டின் வரலாறு நீண்டதன்று. அமெரிக்காவின் மின்னசோட்டா மாநிலத்தில், மிசிசிப்பி ஆறு அகன்று ஏரியாக விரியும் பெப்பின் ஏரியில், லேக் சிட்டி என்னும் சிற்றூரைச் சேர்ந்த ரால்ஃப் சாமுவேல்சன் 1922ஆம் ஆண்டு ஜூலை 2ஆம் நாள், பத்தொன்பது வயது நிறைவதற்கு ஒரு நாள் முன்பு, முதன்முறையாக நீரின்மேல் எழுந்து நின்றார். பீப்பாய்ப் பலகைகளும் பனிச்சறுக்குப் பலகைகளும் பயன்படாமற்போன பிறகு, எட்டடி நீளமுள்ள பைன் மரப்பலகைகளை வாங்கி, அவற்றின் நுனிகளைக் கொதிநீரில் இளக்கி மேல்நோக்கி வளைத்து, தோல் வார்களைக் கால்பிடிகளாகப் பொருத்திக்கொண்டார். படகை ஓட்டியவர் அவருடைய அண்ணன் பென். சாமுவேல்சன் தம் கண்டுபிடிப்புக்குக் காப்புரிமை பெறவில்லை. மூன்றாண்டுகளுக்குப் பின் ஃபிரெட் வாலர் என்பவர் தாமே வடிவமைத்த பலகைகளுக்கு அதைப் பெற்றார். சாமுவேல்சனின் முதன்மை அமெரிக்க நீர்ச்சறுக்குச் சங்கத்தால் ஏற்கப்பட்டது 1966இல்தான். நீர்ச்சறுக்கு 1972ஆம் ஆண்டின் மியூனிக் ஒலிம்பிக்கில் காட்சி விளையாட்டாக இடம்பெற்றதோடு சரி. பதக்க விளையாட்டாக அது ஒலிம்பிக்குக்குள் நுழையவில்லை. இந்த வரலாற்றில் நிறுத்திப் பார்க்க வேண்டிய செய்தி ஒன்று உண்டு. முதல் முயற்சிகள் தோற்றுக்கொண்டிருந்த நாள்களில் சாமுவேல்சன் பலகைகளை நீர்மட்டத்தோடு கிடையாக வைத்தே எழ முயன்றார். உடலைப் பின்னுக்குச் சாய்த்து, பலகைகளின் நுனிகளை நீருக்கு மேலே தூக்கி வைத்துக் காத்திருந்தபோதுதான் எழ முடிந்தது. அவருக்கு ஆசிரியர் எவரும் இல்லை. அவர் தனியாகக் கண்டடைந்த அந்த உடல்நிலையைத்தான், பலகையின் பொருளும் படகின் எஞ்சினும் அடியோடு மாறிவிட்ட இன்றும், ஒவ்வொரு புதியவருக்கும் முதலில் கற்பிக்கிறார்கள்.

அந்த உடல்நிலையை விளக்கமாகச் சொல்ல வேண்டும். மிதவை உடுப்பாகிய லைஃப் ஜாக்கெட்டை அணிந்த மாணவர் ஆழமான நீரில் மல்லாந்த நிலையில் மிதக்கிறார். முழங்கால்களை மார்போடு ஒட்ட மடக்கி, குதிகால்களைப் பின்தொடைக்கு அருகே கொண்டுவந்து, பலகைகளின் நுனிகள் மட்டும் நீருக்கு வெளியே தெரியும்படி வைத்துக்கொள்கிறார். நீட்டிய கைகள் முழங்கால்களின் இருபுறமும் சென்று கயிற்றின் கைப்பிடியைப் பற்றுகின்றன. கயிறு இரண்டு பலகைகளுக்கும் நடுவே செல்கிறது. படகு நகரத் தொடங்கியதும் நீர் பலகைகளின் அடிப்பக்கத்தை மோதுகிறது. நீரின் இந்த மோதுவிசை வேகத்தோடு நேராகக் கூடுவதில்லை. வேகம் இருமடங்கானால் விசை நான்மடங்காகிறது. ஆகவே தொடக்கத்தின் ஓரிரு விநாடிகளில், மாணவர் நீரைக் கிழித்துக்கொண்டு கனமாக இழுபடும் நேரத்தில், அவரை ஏந்தும் விசை போதாமல் இருக்கிறது. வேகம் ஓரளவு கூடியதும் அதே விசை, அவர் எதையும் செய்யாமலேயே, அவருடைய முழு எடையையும் தாங்கும் அளவுக்கு வளர்ந்துவிடுகிறது. பலகை நீரைக் கிழிப்பதை விட்டு நீரின்மேல் ஏறி வழுக்கத் தொடங்கும் அந்த மாற்றத்தைத்தான் நீரேற்றம் என்று இங்கே குறிப்பிடுகிறோம். மாணவர் செய்ய வேண்டியதெல்லாம் நீரேற்றம் நிகழும்வரை உருண்டையாகச் சுருண்டபடி இருப்பதுதான்.

அதைத்தான் எவராலும் எளிதில் செய்ய முடிவதில்லை. கயிறு இறுகியவுடன் கைகள் அதைத் தம்மை நோக்கி இழுக்கின்றன. கால்கள் தரை தேடுவதுபோல் நீள்கின்றன. கைப்பிடியை மார்புக்கு இழுத்தவுடன் உடல் பின்னுக்குச் சரிந்து கயிறு ஒரு கணம் தளர்கிறது. அடுத்த கணம் படகு அந்தத் தளர்வை ஒரே வெட்டில் பறித்துக்கொள்ள, கைப்பிடி விரல்களிலிருந்து பிய்த்துக்கொண்டு போகிறது. காலை அவசரப்பட்டு நீட்டினாலோ, பலகைகள் நீருக்குக் குறுக்கே நட்ட சுவர்களாகி, எத்தனை வலிய தோளும் தாங்க முடியாத எதிர்ப்பை உண்டாக்குகின்றன. உடற்பயிற்சியில் தேர்ந்த இளைஞர்கள் பலமுறை தோற்க, மெலிந்த சிறுவர்கள் சீக்கிரமே எழுந்துவிடுவதை இந்தப் பயிற்சியில் ஈடுபட்டவர்கள் எங்கும் கண்டிருக்கிறார்கள். சிறுவரின் எடை குறைவு என்பது ஒரு காரணம். படகோடு மல்லுக்கு நிற்கும் வலிமை அவரிடம் இல்லை என்பது மற்றொரு காரணம். நாற்காலியில் அமர்ந்திருக்கும் முதியவரைக் கைகொடுத்து எழுப்பும்போது அவர் நம் கையைத் தம் பக்கம் இழுக்காமல் பிடித்துக்கொண்டு மட்டும் இருந்தால் எழுவது எப்படி இருவருக்கும் எளிதாகிறதோ, அப்படித்தான் இதுவும் என்று பயிற்றுநர்கள் விளக்குவதுண்டு.

விளக்கம் எத்தனை தெளிவாக இருந்தாலும் போதாது என்பதால்தான் தரைப்பயிற்சி வந்தது. நீரில் இறங்குவதற்கு முன்பே மாணவரைக் கரையில் பலகைகளோடு உட்காரவைத்து, கைப்பிடியை அவர் கையில் தந்து, கயிற்றின் மறுமுனையைப் பயிற்றுநர் தம் கையால் இழுக்கிறார். முழங்கை மடங்கினால் இழுப்பதை நிறுத்துகிறார். மடங்காமல் இருந்தால் மட்டும் தொடர்ந்து இழுத்து, சுருண்ட நிலையிலிருந்து குந்திய நிலைக்கும், குந்திய நிலையிலிருந்து முழங்கால் சற்றே மடங்கிய நிற்கும் நிலைக்கும் கொண்டுவருகிறார். வாகனத் தொழிலை அறிந்தவர்களுக்கு இந்த முறை புதிதாக இராது. ஜப்பானியத் தொழில்முறையைப் பின்பற்றும் தொழிற்சாலைகள் பலவற்றில் புதியவர்களுக்கான பயிற்சிக் கூடத்தை டோஜோ என்றே அழைக்கிறார்கள். ஓடும் உற்பத்தி லைனுக்கு அனுப்புவதற்கு முன், நிலையான சட்டகத்தின்மேல் போல்ட்டை எந்தக் கோணத்தில் பிடிப்பது, டார்க் எனப்படும் முறுக்குவிசை எப்போது போதுமானது என்பவற்றை அங்கே கையும் தோளும் பழகும்வரை திரும்பத் திரும்பச் செய்யவைக்கிறார்கள். மின்விசைத் திருகி தானாக நிற்கும்வரை காத்திருக்காமல் மணிக்கட்டால் கூடுதலாக ஒரு திருப்பு கொடுக்கும் பழக்கத்தை ஒழிப்பது அங்கேயும் ஒரு பாடம். உதவிசெய்ய வேண்டும் என்ற நல்லெண்ணமே பிழைக்குக் காரணமாவதை இரண்டு இடங்களிலும் காணலாம்.

ஆனால் ஒப்புமை ஓர் எல்லையில் நின்றுவிடுகிறது. லைனின் வேகம் அதில் நிற்பவருடைய உடலைக் கேட்டு நிர்ணயிக்கப்படுவதில்லை. நீரிலோ, இழுக்கும் விசை ஒரு மனிதரின் கையில் இருக்கிறது. அந்தக் கை கற்பவரின் உடலைக் கேட்டுக்கேட்டுத்தான் நகர வேண்டும். நீர்ச்சறுக்கின் உண்மையான ஆசிரியர் படகோட்டியே என்று துணிந்து சொல்லலாம். எஞ்சினின் வேகத்தைக் கூட்டிக் குறைக்கும் நெம்புகோலை, திராட்டிலை, அவர் கையாளும் விதத்தில்தான் மாணவரின் முதல் எழுச்சி அடங்கியிருக்கிறது. முதலில் படகு ஊர்ந்து சென்று கயிற்றின் தொய்வை எடுக்க வேண்டும். பொழுதுபோக்குச் சறுக்கில் வழக்கமாகப் பயன்படும் 75 அடிக் கயிறு, அதாவது ஏறத்தாழ 23 மீட்டர், முழுவதும் நேராகி மாணவர் நேர்பின்னே அமைந்த பிறகு, அவரே குரல் கொடுத்தால்தான் வேகம் கூட்டலாம். திடீரெனக் கூட்டினால் கைப்பிடி பறிபோகும். தயங்கிக் கூட்டினால் மாணவர் நீரைக் குடித்துக்கொண்டே வெகுதூரம் இழுபட்டு முன்கைகள் சோர்ந்துவிடும். இவ்விரண்டுக்கும் நடுவில், தடையில்லாமல் ஒரே சீராக ஏறும் ஓர் இழுப்பு இருக்கிறது. மாணவர் நீரேறிய கணத்தில் எதிர்ப்பு சட்டென்று குறைவதால் படகு தானாகவே முன்னோக்கிப் பாயும். அப்போது திராட்டிலைச் சிறிது தளர்த்தாவிட்டால், நிற்கத் தொடங்கியவர் நின்ற வேகத்திலேயே விழுவார். வளர்ந்தவர்களுக்கு மணிக்கு 30 முதல் 38 கிலோமீட்டர் வரையிலும், சிறுவர்களுக்கு அதைவிடக் குறைவாகவும் உள்ள வேகமே தொடக்கத்துக்குப் போதும்.

இதில் வியப்புக்குரியது, இத்தனையையும் செய்யும் படகோட்டி பின்னால் பார்க்கக் கூடாது என்பதாகும். அவர் கண் முன்னே உள்ள நீரிலேயே இருக்க வேண்டும். பின்னால் நிகழ்வதைச் சொல்ல, படகில் மாணவரை நோக்கி அமரும் மூன்றாமவர் ஒருவர் வேண்டும். அவரைப் பார்வையாளர் என்று அழைத்தாலும் வெறுமனே பார்ப்பது அவர் வேலை அன்று. கட்டைவிரலை உயர்த்தினால் வேகம் கூட்டு, தாழ்த்தினால் குறை, தலையைத் தட்டினால் கரைக்குத் திரும்பு என்று மாணவர் காட்டும் சைகைகளை வாய்மொழியாக மாற்றி ஓட்டியிடம் சேர்ப்பதும், விழுந்தவர் நலமாக இருப்பதாகச் சைகை காட்டுகிறாரா என்று முதலில் உறுதிசெய்வதும் அவர் பொறுப்பு. ஆயினும் தேர்ந்த ஓட்டி, பார்வையாளரின் சொல் வருவதற்கு முன்பே, படகின் பின்பகுதி கனப்பதையும் இலகுவாவதையும் கொண்டு மாணவரின் நிலையை உணர்ந்துவிடுகிறார். இங்கேதான் சிறிய படகு தன் பெருமையைக் காட்டுகிறது. பெரிய, கனத்த படகுக்கு ஒரு மாணவரின் எடை பொருட்டே அன்று. 40 அல்லது 50 குதிரைத்திறன் கொண்ட அவுட்போர்டு எஞ்சின் பூட்டிய சிறிய படகிலோ மாணவரின் ஒவ்வொரு தடுமாற்றமும் கயிற்றின் வழியே ஓட்டியின் இருக்கைக்கு வந்து சேர்கிறது. அந்தப் படகு பின்னால் எழுப்பும் அலையும் தாழ்வானது. புதியவர் அதைக் கண்டு மிரள வேண்டியதில்லை. பார்வையற்றவர்கள் இந்த விளையாட்டைக் கற்றுப் பன்னாட்டுப் போட்டிகள் வரை சென்றிருப்பதற்கும், கயிறு இப்படி இருபுறமும் செய்தி கொண்டுசெல்வதே அடிப்படை என்று கருத இடமுண்டு.

கயிறு நீளமாக இருப்பதால் ஆசிரியரின் குரல் மாணவரை எட்டாது என்பது இம்முறையின் குறை. அதைத் தீர்க்கப் படகின் பக்கவாட்டில் நீருக்கு மேலாக ஓர் உறுதியான உலோகக் குழாயை நீட்டி, மாணவரை அதையே பிடித்துக்கொண்டோ, அதில் கட்டிய குறுங்கயிற்றைப் பிடித்துக்கொண்டோ எழச் செய்யும் வழக்கம் பல நாடுகளில் உண்டு. நீரைக் கண்டு அஞ்சுபவருக்குக் கையெட்டும் தூரத்தில் ஒரு முகம் தெரிவது பெரிய ஆறுதல். ஆனால் அருகில் இருக்கிறார் என்பதற்காக ஆசிரியர் பேசிக்கொண்டே இருக்கலாகாது. ஒரு முயற்சிக்கு ஒரே ஒரு திருத்தம் என்பதே நல்ல பயிற்றுநர்களின் நடைமுறை. கையை நீட்டு, முழங்காலை மடக்கு, தலையை நிமிர்த்து, பலகையைச் சேர் என்று நான்கையும் ஒருசேரக் கேட்ட மாணவர் நான்கையும் மறந்துவிடுவார்.

பிடித்துக்கொள்ளக் கற்பித்ததற்கு உடனடுத்துக் கற்பிக்க வேண்டியது, விட்டுவிடுவதை. நிலைதவறியவுடன் கைப்பிடியை விட வேண்டும் என்பது எளிய விதியாகத் தோன்றினாலும், விழும் மனிதர் பிடித்ததை இறுக்குவது இயல்பாகையால், புதியவர்கள் விழுந்த பின்னும் கைப்பிடியை விடாமல் நீருக்கடியில் இழுபடுகிறார்கள். கயிற்றைக் கையில் சுற்றிக்கொள்வதும், கைப்பிடிக் கயிற்றின் முக்கோணத்துக்குள் முழங்கையை நுழைப்பதும் அறவே கூடாதவை. விழுந்தவரை நோக்கிப் படகு வரும்போது அவர் ஓட்டியின் கண்ணுக்குத் தெரியும் பக்கத்திலேயே இருக்க வேண்டும். அவர் படகில் ஏறும்போது எஞ்சின் முற்றிலும் நிறுத்தப்பட்டிருக்க வேண்டும், ஏனெனில் சுழலும் விசிறி மனிதரையும் நீரையும் பிரித்தறிவதில்லை. இந்த ஒழுங்குகளை விளையாட்டின் இன்பத்துக்குப் புறம்பான சட்டதிட்டங்களாகக் கருதுவோர் உண்டு. ஒருவர் தம் உடலை இன்னொருவருடைய எஞ்சினிடம் ஒப்படைப்பதற்கு இவையன்றி வேறு எந்த உத்தரவாதம் இருக்க முடியும்?

இனி நீரைப் பற்றி. ஸ்ரீபெரும்புதூர் வட்டாரத்துக்கு நீர்ப்பரப்புக்குக் குறைவில்லை. ஏரி மாவட்டம் என்று பெயர் பெற்ற பழைய செங்கல்பட்டு மாவட்டத்தின் ஏரிகள், ஒன்றின் கலங்கல் வழியே வழியும் உபரிநீர் அடுத்ததைச் சென்று நிரப்பும்படி சங்கிலியாக அமைந்தவை. ஸ்ரீபெரும்புதூர், பிள்ளைப்பாக்கம் ஏரிகளின் உபரிநீர் செம்பரம்பாக்கத்தை அடைகிறது. 24 அடி உயரமும் 3,645 மில்லியன் கனஅடிக் கொள்ளளவும் கொண்ட செம்பரம்பாக்கத்தின் உபரிநீர் அடையாற்றில் கலந்து சென்னையைக் கடக்கிறது. வடகிழக்குப் பருவமழை ஓய்ந்த பின் சில திங்கள்கள் இந்த ஏரிகள் கரை தொட்டு நிற்கும் காட்சியைக் காண்போருக்கு, இங்கே ஒரு படகும் கயிறும் இருந்தால் என்ன என்று தோன்றுவது இயல்பே.

அந்த ஆசையை ஏரிகளே மறுக்கின்றன. செம்பரம்பாக்கம் சென்னையின் குடிநீர். எண்ணெய் கசியும் எஞ்சினுக்கு அதில் இடமில்லை, இருக்கவும் கூடாது. பாசன ஏரிகளின் உள்வாயில் சமூகக் காடுகள் திட்டத்தின் கீழ் நட்ட கருவேல மரங்களும், வெட்டிய பின் எஞ்சிய அவற்றின் அடிக்கட்டைகளும் பல இடங்களில் நீருக்கடியில் மறைந்து கிடக்கின்றன. நீர்ச்சறுக்கில் விழுபவருக்கு அதைவிடக் கொடிய தரை வேறில்லை. சாலைக்கும் மனைக்கும் சவுட்டு மண் எடுத்த பள்ளங்களோ, முழங்கால் அளவு நீரில் நடந்துகொண்டிருப்பவரை அடுத்த அடியில் மூழ்கடிக்கும் ஆழம் உடையவை. மே மாதத்தில் வெடித்துக் கிடக்கும் ஏரிப்படுகையைச் சுற்றி நடந்து பார்த்தவர் எவரும் டிசம்பரில் அதன்மேல் புதியவர் ஒருவரை இழுத்துச் செல்ல ஒப்பமாட்டார். ஏரியை ஏரியாக, அதன் மதகையும் ஆயக்கட்டையும் மதித்து, விட்டுவைப்பதே முறை.

பொருத்தமான நீர் கிழக்கே இருக்கிறது. ஒரகடத்திலிருந்து வண்டலூர், கேளம்பாக்கம் வழியாக ஐம்பது கிலோமீட்டருக்கு உட்பட்ட தொலைவில், கோவளத்துக்கு வடக்கே முட்டுக்காட்டில், கடலை ஒட்டிய உப்பங்கழியில் தமிழ்நாடு சுற்றுலா வளர்ச்சிக் கழகம் 1984 முதல் படகுக் குழாம் நடத்திவருகிறது. கடலின் அலைகள் எட்டாத, காலை வேளையில் காற்றடங்கிக் கிடக்கும் நீர் அது. மணல் சேர்ந்து முகத்துவாரம் தூர்வதால் ஆழம் இடத்துக்கு இடம் மாறும் என்பதும், சறுக்கில் விழுபவருக்குக் குறைந்தது ஆறடி ஆழமாவது வேண்டும் என்பதும் அங்கே எண்ணிப் பார்க்க வேண்டியவை. கற்பிக்கும் மரபும் அருகிலேயே பிறந்திருக்கிறது. கோவளத்து மீனவரான மூர்த்தி மேகவன் தாமாகவே அலைச்சறுக்கைக் கற்று, 2012இல் அங்கே பள்ளி ஒன்றைத் தொடங்கி, மீனவர் குடியிருப்புப் பிள்ளைகளையும் நகரத்திலிருந்து வருவோரையும் பலகையில் ஏற்றினார். கடலை அறிந்தவரே கடலில் ஆசிரியராகலாம் என்பதை அது தெளிவாக நிறுவியது. கட்டுமரமும் ஃபைபர் போட்டும் ஓட்டிப் பழகியவர்களுக்கு நீரின் போக்கும் காற்றின் திசையும் கண்ணாலேயே தெரியும்; வலை இழுக்கும் சிறிய டீசல் எஞ்சின்கள் ஒரு மனிதரைப் பலகையில் நிறுத்தும் வேகத்தைத் தரப் போதா என்பதால் வேறு எஞ்சின் வேண்டுமே ஒழிய, வேறு மனிதர்கள் தேவையில்லை.

இந்தப் பயிற்சி யாருக்காக என்ற கேள்வியே இக்கட்டுரையின் அக்கறை. தொழில் வட்டாரத்தின் விடுதிகளிலும் வாடகை அறைகளிலும் வாழும் இளைஞர்களிலும் இளம்பெண்களிலும் பலர் ஏரிக்கரையை ஒட்டியே வாழ்ந்தும் நீந்தத் தெரியாதவர்கள். சொந்த ஊரில் கிணறு தூர்ந்துவிட்டது, இங்கே ஏரி அந்நியமானது. செம்பரம்பாக்கத்திலிருந்து விநாடிக்கு 29,000 கனஅடி திறக்கப்பட்ட 2015 டிசம்பர் வெள்ளத்தின் நினைவு நீரை அச்சமாகவே பலர் மனத்தில் நிறுத்தியிருக்கிறது. உலக நலவாழ்வு நிறுவனத்தின் மதிப்பீட்டின்படி 2021ஆம் ஆண்டில் மட்டும் ஏறத்தாழ மூன்று லட்சம் பேர் நீரில் மூழ்கி இறந்தனர். விடுமுறை நாளில் ஏரிக்குக் குளிக்கச் செல்லும் இளைஞர்கள் உயிரிழக்கும் செய்தி இவ்வட்டாரத்துக்குப் புதிதன்று. நீர்ச்சறுக்கைக் கற்க வருபவருக்குப் பலகையைத் தொடுவதற்கு முன்பே மிதக்கவும், முகத்தில் நீர் மோதும்போது மூச்சைச் சீராக வைத்துக்கொள்ளவும், லைஃப் ஜாக்கெட்டோடு மல்லாந்து காத்திருக்கவும் கற்பிக்கப்படுகிறது. விளையாட்டு கைகூடாமல் வீடு திரும்பினாலும் அந்த அரைநாள் பாடம் அவரிடமே தங்கும். செல்வர்களின் பொழுதுபோக்காக மட்டும் அறியப்பட்ட ஒரு விளையாட்டை, ஷிஃப்ட் முடிந்து வருபவரின் கைக்கும் எட்டவைக்க வேண்டும் என்பதற்கு இதைவிட வலுவான வாதம் தேவையில்லை.

அப்படியொரு பயிற்சி தொடங்கப்படுமானால், செலவும் கவனமும் முதலில் செல்ல வேண்டியது படகோட்டிகளிடம். கோவாவில் உள்ள தேசிய நீர்விளையாட்டு நிறுவனம் விசைப்படகு கையாளுதலிலும் உயிர்காப்பிலும் பயிற்சி அளித்துவருகிறது. அதன் மேல், மாணவர் எவரையும் ஏற்றுவதற்கு முன், ஒவ்வோர் ஓட்டியும் தாமே மிதவை உடுப்பணிந்து நீரில் இறங்கி, கைப்பிடியைப் பற்றி, சக ஓட்டியின் திராட்டிலுக்குத் தம் கைகளைக் கொடுத்துப் பார்க்க வேண்டும். அவசரமான இழுப்பில் கைப்பிடி பிய்த்துக்கொண்டு போவதையும், தயங்கிய இழுப்பில் நீர் மூக்கில் ஏறுவதையும் தம் உடலில் அறிந்த பிறகே அவர் இருக்கைக்குத் திரும்பலாம்.